‘அது’ இல்லை, ‘அவன்’

“கடிக்குமாம்மா, இந்த நாய்?”

இதைக் கேட்டதுதான் நான் செய்த தப்பு. கொடைக்கானல் ஏரிச் சாலை, காலை ஏழு மணி. தண்ணீர்மேல் படிந்த மூடுபனி இன்னும் கலையவில்லை. எதிரே வந்த பெண்ணுக்கு 25 வயதிருக்கும். கையில் வார், வாரின் மறுமுனையில் நீலக் கண்ணோடு ஒரு ஹஸ்கி. சைபீரியாவில் உறைபனியில் வண்டி இழுத்த வம்சம். அதற்கு மஞ்சள் கம்பளியில் ஒரு ஸ்வெட்டர் மாட்டியிருந்தார்கள். “ச்சோ ஜில்லா இக்கா என் பட்டுக்குட்டிக்கு? மம்மி தூக்கிக்கட்டா? வாக்கீஸ் முடிச்சிட்டு ஸ்னாக்கீஸ் சாப்பிலாமா?” என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே வந்தார். முப்பது கிலோ கனமிருக்கும் பட்டுக்குட்டி என் முழங்காலை மோந்து பார்த்தது. அப்போதுதான் கேட்டேன்.

“நாய்னு சொல்லாதீங்க அங்கிள். சிம்பா. அப்புறம், ‘கடிக்குமா’ன்னு கேக்கக் கூடாது. ‘கடிப்பானா’ன்னு கேளுங்க.”

நான் தமிழ் படித்தவன். 60 வயதில், ஏரிக்கரையில், என் திணையைத் திருத்த ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. “கடிப்பானாம்மா?” என்று திருத்திக் கேட்டுவிட்டு, “மாட்டான்” என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். எரிச்சல் மட்டும் பின்னாலேயே வந்தது.

நாய்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு ஸ்வெட்டர் போட்டதையும் விட்டுவிடுவேன். சகிக்க முடியாதது அந்தச் சொற்கள்தான். வாக்கீஸ். ஸ்னாக்கீஸ். ஃபர் பேபி. பெட் பேரண்ட். டாகோ. தமிழில் குழைகிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை: அம்முக்குட்டி, லட்டுக்குட்டி, பூசணிக்குட்டி, தெலுங்கிலிருந்து கடன் வாங்கிய புஜ்ஜி, அதன்மேல் ஒரு ‘மா’ ஒட்டிய புஜ்ஜிம்மா. கேட்டாலே பல் கூசுகிறது. சாக்பீஸ் கரும்பலகையில் கிறீச்சிடுவது போல. ஆனால் சாக்பீஸ் விஷயத்தில் குற்றவாளி ஓசை. ‘வாக்கீஸ்’ என்பதில் குற்றவாளி யார்? ஓசையா, பொருளா, அல்லது நானா?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் வேறு வடிவில் ஆராய்ந்தவர் பால் திபோடோ என்ற அமெரிக்க உளவியலாளர். ஆங்கிலத்தில் ‘மாய்ஸ்ட்’ என்றொரு அப்பாவிச் சொல் இருக்கிறது. ஈரப்பதமானது என்று பொருள். கேக்குக்குக்கூடச் சொல்வார்கள். ஆனால் அதைக் கேட்டாலே உடம்பு கூசும் மனிதர்கள் உண்டு. 2016-இல் வந்த அவருடைய ஆய்வின்படி 10 முதல் 20 சதவீதம் பேருக்கு அந்த ஒவ்வாமை இருக்கிறது. ஏன் பிடிக்கவில்லை என்று அவர்களைக் கேட்டால், பலரும் ‘அந்தச் சத்தமே சரியில்லை’ என்றார்கள். தரவுகள் வேறு மாதிரி பேசின. அச்சொல் அவர்களுக்கு உடம்பின் கழிவுகளையும் கசிவுகளையும் நினைவூட்டியது, அதுதான் பெரிய காரணம். ஓசைமேல் பழி போடுகிறோம், உண்மையில் உறுத்துவது அந்தச் சொல் இழுத்துக்கொண்டு வரும் பரிவாரம். இன்னொரு தகவலும் அந்த ஆய்வில் இருந்தது. இப்படிச் சொல்லுக்குக் கூசுகிறவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் அதிகம் படித்தவர்கள், கொஞ்சம் அதிகம் பதற்றப்படுகிறவர்கள். அதை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன்.

ஆக, சொல்லை ஓரமாக வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டுப் பார்க்கலாம். அந்தப் பெண் பேசியதில் இரண்டும் கலந்துதான் இருந்தன. ஒரு குழைவு, அதன்மேல் சில சொற்கள்.

குழைவின் கதை பெரியது. குழந்தையிடம் பேசும்போது உலகின் பல மொழிகளில் தாய்மார் ஒரே மாதிரி மாறுகிறார்கள். குரல் மேலே ஏறும், வாக்கியம் சுருங்கும், சொன்னதையே திரும்பச் சொல்வார்கள், மெய்யெழுத்துகள் மழுங்கும். சார்ல்ஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் 1964-இல் ஆறு மொழிகளின் மழலைப் பேச்சை ஒப்பிட்டு எழுதினார். அவற்றில் ஒன்று மராத்தி. தமிழை அவர் எடுத்துக்கொண்டிருந்தால் அவருக்கு விருந்தே கிடைத்திருக்கும். சோற்றுக்கு மம்மம், பாலுக்கு இங்கா, பூனைக்கு மியாவ், எல்லாமே குட்டையாய், வாயிலேயே உருண்டு வரும் சொற்கள். 1982-இல் ஹிர்ஷ்-பாசெக், ட்ரைமன் என்ற இருவர், தங்கள் நாய்களிடம் மனிதர்கள் பேசுவதைப் பதிவுசெய்து எழுதிப் பார்த்தார்கள். குழந்தையிடம் பேசும் அதே பேச்சு. வாக்கியங்கள் குட்டை, கேள்விகள் அதிகம், பதில் வராத கேள்விகள்தான் எல்லாமே.

இது வெறும் பழக்கதோஷமா? குழந்தையிடம் பேசிப் பேசி, வாய் தவறி நாயிடமும் பேசுகிறோமா? 2002-இல் ஆஸ்திரேலியாவில் டெனிஸ் பர்ன்ஹாமும் உடனிருந்தோரும் செய்த சோதனைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. தாய்மாரைத் தங்கள் குழந்தையோடும், வீட்டு நாய் அல்லது பூனையோடும், பெரியவர் ஒருவரோடும் பேச விட்டுப் பதிவுசெய்தார்கள். குரல் உயர்வதும் பாசம் வழிவதும் குழந்தைக்கும் பிராணிக்கும் பொதுவாகவே இருந்தன. ஆனால் ஒன்றே ஒன்று குழந்தைக்கு மட்டும் நடந்தது: ஆ, ஈ, ஊ என்ற உயிரெழுத்துகளை வாயை நன்றாகத் திறந்து, குவித்து, இழுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தெளிவாக உச்சரித்தார்கள். வாத்தியார் கரும்பலகையில் எழுத்தைப் பெரிதாக எழுதுவது போல. நாயிடமும் பூனையிடமும் அது இல்லை. நாய் ஒருநாளும் பேசப்போவதில்லை என்று அந்தத் தாயின் நாக்குக்குத் தெரிந்திருந்தது. தாய்க்கே தெரிந்திருக்காது.

அப்படியானால் கிளி? அதையும் விடவில்லை. அதே குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கிளி வளர்ப்பவர்கள் கிளியிடம் உயிரெழுத்துகளைக் கொஞ்சம் தெளிவாக்குவது தெரிந்தது. நாயிடம் பேசுவதைவிட அதிகம், குழந்தையிடம் பேசுவதைவிடக் குறைவு. சரியாக நடுவில். யாரும் சொல்லிக்கொடுக்காமல், எதிரே இருக்கும் உயிருக்கு எவ்வளவு மொழி வாய்க்கும் என்று நாக்கு அளந்து ஊற்றுகிறது. கடைத்தெருவில் எண்ணெய் அளப்பவர்கூட இவ்வளவு துல்லியமாக அளக்கமாட்டார். (நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.)

சரி, நாய்க்கு இந்தக் குழைவு பிடிக்கிறதா? இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. 2017-இல் ஒரு குழுவினர் 30 பெண்களிடம் நாய்ப் படங்களைக் காட்டி, நேரில் பேசுவது போலப் பேசச் சொல்லிப் பதிவுசெய்தார்கள். குட்டி, வளர்ந்த நாய், கிழட்டு நாய் என்று எல்லாப் படத்துக்கும் குரல் ஏறியது, குட்டிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஏறியது. அந்தப் பதிவுகளை நியூயார்க்கில் ஒரு நாய்க் காப்பகத்தில் ஒலிபெருக்கி வழியே போட்டார்கள். குட்டிகள் ஓடிவந்தன, குரைத்தன, ஒலிபெருக்கியைச் சுற்றின. வளர்ந்த நாய்கள் ஒருமுறை பார்த்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்தன. குழைவாகப் பேசினாலும் ஒன்றுதான், சாதாரணமாகப் பேசினாலும் ஒன்றுதான்.

இதைப் படித்தபோது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி வந்தது. அது அடுத்த வருடமே கெட்டது. 2018-இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில், நாய்களுக்கு எதிரே மனிதர்களையே உட்காரவைத்துச் செய்தார்கள். வளர்ந்த நாய்கள், குழைவான குரலில் நாய்க்குச் சம்பந்தமான விஷயம் பேசியவரிடம்தான் அதிக நேரம் நின்றன. ஆனால் குழைவான குரலில் சம்பந்தமில்லாத விஷயம், சாதாரணக் குரலில் நாய் விஷயம் என்று மாற்றிக் கலந்தபோது அந்த விருப்பம் காணாமல் போனது. அதற்கு முன்பே, 2016-இல், ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் அட்டிலா ஆண்டிக்ஸ் குழுவினர் 13 நாய்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பயிற்றுநரின் குரலைப் போட்டுக்காட்டியிருந்தார்கள். பாராட்டுச் சொல்லைப் பாராட்டும் குரலில் சொன்னார்கள், தட்டையான குரலிலும் சொன்னார்கள். ‘ஆயினும்’ என்பது போன்ற, நாய்க்கு எந்தப் பயனும் இல்லாத சொற்களையும் இரண்டு குரலிலும் சொன்னார்கள். மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி எப்போது விழித்தது தெரியுமா? பாராட்டுச் சொல்லும் பாராட்டும் குரலும் சேர்ந்து வந்தபோது மட்டும். ‘ஆயினும்’ என்று எவ்வளவு குழைந்தாலும் நாய் ஏமாறவில்லை.

பூனை இன்னும் ஒரு படி மேலே. 2022-இல் பாரிஸில் 16 பூனைகளிடம் செய்த சோதனையில், தன் வீட்டுக்காரர் பூனையிடம் பேசும் குழைவையும் மனிதரிடம் பேசும் பேச்சையும் பூனை பிரித்துணர்ந்தது. வேற்று ஆள் வந்து அதே குழைவைக் குழைந்தபோது அது கண்டுகொள்ளவே இல்லை. என் வீட்டுப் பூனையைத் தெரிந்தவர்களுக்கு இது ஆய்வு செய்து தெரியவேண்டிய விஷயம் அல்ல.

இந்த மலையில் பிராணியோடு பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். வட்டக்கானல் தாண்டி, டால்ஃபின் நோஸ் பாறைக்குக் கீழே இறங்கினால் வெள்ளகவி. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்காத ஊர், நெடுங்காலமாகச் சாலையே இல்லாத ஊர். அரிசி, சிமெண்ட், காஸ் சிலிண்டர் எல்லாம் குதிரை முதுகில் போகும், காபி மூட்டை குதிரை முதுகில் வரும். ஒருமுறை அந்தப் பாதையில் நான் மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தபோது, மூன்று பொதிக் குதிரைகள் மேலேறி வந்தன. பின்னால் ஒருவர், வாயில் பாதி பீடி. முன்குதிரை ஒரு வேர் மடிப்பில் தயங்கி நின்றது. அவர் பீடியை எடுக்கவே இல்லை. நாக்கை அண்ணத்தில் வைத்துச் சொடுக்கினார்: ‘ட்ச், ட்ச், ட்ச், ட்ச்.’ குதிரை முன்காலைத் தூக்கி வைத்தது. மேலே ஒரு திருப்பத்தில், எதிரே ஆள் வருவதைப் பார்த்து, ‘ஓஓஓ…’ என்று ஒரே இழுப்பு, இழுக்க இழுக்க இறங்கும் குரல். மூன்றும் நின்றன. தங்கமும் இல்லை, பட்டும் இல்லை. ஒரு சொல்கூட இல்லை.

பட்ரீசியா மெக்கனல் என்ற அமெரிக்க விலங்கியலாளர் இதைத்தான் பல மொழி பேசும் விலங்குப் பயிற்சியாளர்களிடம் பதிவுசெய்தார். ஆட்டு மந்தை நாய்களை ஏவுபவர்கள், குதிரை பழக்குபவர்கள் என்று பலர். மொழி எதுவானாலும் சொல் எதுவானாலும், விலங்கைக் கிளப்ப வேண்டுமானால் குட்டையான ஒலிகளை அடுக்கடுக்காகச் சொன்னார்கள், நிறுத்த வேண்டுமானால் ஒரே நீள ஒலியை இறக்கினார்கள். நாய்க்குட்டிகளிடம் சோதித்தபோது, ஏறிவரும் நான்கு குட்டை விசில்கள் அவற்றைச் சுறுசுறுப்பாக்கி வரவழைப்பதில் ஒற்றை நீள விசிலைவிட நன்றாக வேலை செய்தன. இதை 1990-இல் எழுதினார். நம் கொல்லைப்புறத்தில் அதற்கு முன்பே இது அமலில் இருந்தது. கோழிக்கு ‘பா பா பா’, நாய்க்கு ‘தோ தோ தோ’, காக்கைக்கு ‘கா கா கா’. ஏர் மாட்டை நிறுத்த மட்டும் ஒரு நீள ‘ஓ’. யாரும் யாருக்கும் விதி சொல்லித் தரவில்லை, விலங்கின் காது சொல்லித் தந்தது.

இந்த ‘தோ தோ’ என்ற ஒலியைப் பாருங்கள். அதில் நாய் யார், நான் யார், நாங்கள் என்ன உறவு என்ற எந்தச் செய்தியும் இல்லை. ‘மம்மி கிட்ட வா’ என்பதில் அதைத் தவிர வேறு செய்தியே இல்லை. முதலாவது நாய்க்காகப் பேசப்பட்டது. இரண்டாவது நாயைச் சாக்கிட்டு, பேசுகிறவரே தனக்காகவும் சுற்றியிருக்கும் எனக்காகவும் பேசியது. என் பல்கூச்சத்துக்குக் காரணம் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். படுக்கையறைப் பேச்சைப் பேருந்தில் கேட்க நேர்ந்தவன் மாதிரி, எனக்கு உரியது அல்லாத நெருக்கத்தை என் காதில் ஊற்றுகிறார்கள். அதோடு நிற்காமல் அதில் சேர்ந்துகொள்ளவும் சொல்கிறார்கள். ‘கடிப்பானா’ன்னு கேளுங்க.

இந்தத் திணைச் சண்டை புதிது என்று எண்ணித்தான் வீட்டுக்கு வந்து தொல்காப்பியத்தைப் பிரித்தேன். பொருளதிகாரத்தின் கடைசிப் பகுதியான மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களிலிருந்துதான் தொடங்குகிறது. கன்று, குட்டி, குருளை, பறழ், பார்ப்பு, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது பெயர். எதன் குட்டியை எந்தப் பெயரால் சொல்லலாம் என்று ரேஷன் கடைக் கணக்கு மாதிரி நூற்பா நூற்பாவாகப் பங்கிடுகிறார் தொல்காப்பியர். அணிலுக்கும் எலிக்கும் காட்டுப்பூனைக்கும் குட்டி. யானைக்குக் கன்று, குழவி இரண்டும். நாய், பன்றி, புலி, முயல் நான்குக்கும் குருளை. நரிக்கும் அதுவே. இவற்றைக் குட்டி என்றாலும் பறழ் என்றாலும் தள்ள மாட்டார்களாம்.

அடுத்த நூற்பாவில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவற்றுக்குப் ‘பிள்ளை’ என்ற பெயரைச் சொன்னாலும் தவறில்லை, நாய்க்கு மட்டும் ஆகாது என்கிறது.

புலியைப் பிள்ளை எனலாம். நரியை எனலாம். பன்றியைக்கூட எனலாம். நாயைக் கூடாது. ஏன் என்று காரணம் சொல்லவில்லை. ஆனால் நம் வாய் இன்றுவரை அந்த விதியைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறது. அணிற்பிள்ளை என்கிறோம், கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை என்கிறோம், மரத்தைக்கூடத் தென்னம்பிள்ளை என்கிறோம். நாய்ப்பிள்ளை என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? அதிகம் கொஞ்சப்படுவது நாய் என்பதால்தான், கொஞ்சல் எல்லை மீறாமலிருக்க அங்கே மட்டும் ஒரு வேலி போட்டாரோ என்னவோ. இது என் கற்பனை. எப்படியானாலும் ‘ஃபர் பேபி’க்குத் தொல்காப்பியத்தில் அனுமதி இல்லை. அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

முயல், பன்றி இரண்டுக்கும் ஒரே இளமைப் பெயர் என்றேன் அல்லவா? அது என்னை மன்னவனூருக்குக் கூட்டிப்போனது. கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறை தாண்டி, புல்வெளிச் சரிவில் மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. தலைமையகம் ராஜஸ்தான் வெயிலில், கிளை இந்தக் குளிரில். கம்பளிக்காகப் பாரத் மெரினோ ஆடுகளையும், இறைச்சிக்காக முயல்களையும் அங்கே வளர்த்து ஆராய்கிறார்கள். ஒயிட் ஜயண்ட், சோவியத் சின்சில்லா என்று முயல்களின் பெயரே மிரட்டும். போனமுறை நான் நின்றிருந்தபோது கூண்டருகே ஒரு தகப்பனாரும் மூன்று வயது மகளும். அவர் மகளுக்கு ஆங்கிலம் புகட்டிக்கொண்டிருந்தார். “பன்னி பாரு! பன்னி சொல்லு! பன்னிக்குட்டி!” மகளும் கைகொட்டிப் “பன்னிக்குட்டி! பன்னிக்குட்டி!” என்றாள். பக்கத்தில் நின்ற பாட்டி, அனேகமாகத் தகப்பனாரின் தாயார், முயலை ஒருமுறை, மகனை ஒருமுறை பார்த்துவிட்டு, “இதுவாடா பன்னி?” என்றார். தொல்காப்பியர் இருந்திருந்தால் சமாதானம் செய்துவைத்திருப்பார். இரண்டும் குருளைதான் பாட்டி.

இலக்கணம் முழுக்க என் பக்கம்தான் என்ற மிதப்பில் நன்னூலையும் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. அதில் ‘வழுவமைதி’ என்று ஒரு பகுதி. இலக்கணப்படி பிழை, ஆனாலும் காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். திணையும் பாலும் மயங்கலாம், எப்போது? மகிழ்ச்சியில், கோபத்தில், உயர்த்திச் சொல்வதில், இழித்துச் சொல்வதில், சிறப்பிப்பதில். வருகிற பசுவைப் பார்த்து ‘எங்கம்மா வந்துட்டா’ என்று ஒருவன் பூரித்தால் அது திணைவழு இல்லை, திணை வழுவமைதி. இந்த மாட்டு உதாரணம் இன்றைக்கும் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் இருக்கிறது. மகளைப் பார்த்து ‘வாடா ராஜா’ என்று அம்மா அழைப்பதும் அங்கேதான், பால் வழுவமைதியாக. ஏரிக்கரைப் பெண் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவராகவே இருக்கலாம். ‘கடிப்பானா’ என்பது பிழையில்லை. சுமார் 800 வருடத்துக்கு முன்பே ஒரு சமண முனிவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சலுகை.

ஆனால் அந்தச் சலுகையின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். பசு அம்மாவாக மாறியதாக நன்னூல் சொல்லவில்லை. அழைத்தவனுக்கு உவப்பு, ஆகவே மயக்கம். காரணம் பசுவிடம் இல்லை, பேசுகிறவனிடம் இருக்கிறது. குழைவைக் கருவி வைத்து அளந்தவர்கள் நாய்களிடம் ஓடி, பூனைகளிடம் ஓடி, கடைசியில் வந்து நிற்கும் இடமும் அதற்கு ரொம்ப தூரத்தில் இல்லை. கிழட்டு நாய்ப் படத்துக்கும் குரல் ஏறியதே, அது யாருக்காக ஏறியது?

அந்த உவப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு கோன்ராட் லோரென்ஸ் 1943-இல் ஒரு பட்டியல் தந்தார். பெரிய தலை, பெரிய கண், உப்பிய கன்னம், குட்டைக் கைகால், தள்ளாட்டம். இவை சேர்ந்த எதைப் பார்த்தாலும், அது நம் குழந்தையாக இல்லாவிட்டாலும், நமக்குள் பேணும் உணர்வு கிளம்பிவிடும். மனிதக் குழந்தைக்காக அமைந்த பூட்டு, நாய்க்குட்டிச் சாவி போட்டாலும் திறக்கிறது. சிலருக்கு அது திறந்த வேகத்தில் கதவே பெயர்ந்துவிடும். ஓரியானா அரகோன் என்ற உளவியலாளர் 2015-இல் இதை எழுதினார்: அளவுக்கு மீறி அழகான குட்டியைப் பார்த்தால் பலருக்குக் கடிக்கவும் நசுக்கவும் கிள்ளவும் தோன்றுகிறது. தீங்கு செய்யும் எண்ணம் துளியும் இல்லாமல். பொங்கும் உணர்வைத் தணிக்க மனம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கை தண்ணீர் தெளிக்கிறது என்பது அவர் விளக்கம்.

மேல்நாட்டில் இது வியப்பாக இருந்திருக்கலாம். நம் வீட்டில் இதற்குச் சடங்கே இருக்கிறது. ‘அப்படியே கடிச்சுத் தின்னுடலாம் போல இருக்கு’ என்பாள் அத்தை, உடனே கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறிப்பாள், ‘என் கண்ணே பட்டுடும்’ என்று கறுப்புப் பொட்டும் வைப்பாள். கொஞ்சல் தலைக்கேறினால் வார்த்தையே தலைகீழாகும்: ‘அடி திருட்டுக் கழுதை’, ‘போடி பிசாசே’. குழந்தையை விலங்காக்கிக் கொஞ்சுகிறோம், விலங்கைக் குழந்தையாக்கிக் கொஞ்சுகிறோம். இரு திசையிலும் வண்டி ஓடுகிறது, சுங்கச்சாவடி எங்கும் இல்லை.

ஆபத்து ஒன்று மட்டும் உண்டு. எல்லா விலங்கும் சிம்பா அல்ல. இந்த ஊரில் அந்தி சாய்ந்தால் காட்டுமாடு தெருவுக்கு வரும். ஆயிரம் கிலோ வரை எடை, முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்டது போல இருக்கும். அந்தச் சாக்ஸில் மயங்கி, ‘ஹாய் பேபி’ என்று கைப்பேசியோடு நெருங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாய் நம் குரலைப் படித்துப் படித்து, ஆயிரக்கணக்கான வருடம் நம்மோடு வாழ்ந்து வந்த பிராணி. காட்டுமாட்டுக்கு நம் குழைவு ஒரு சத்தம், நெருங்கி வரும் சத்தம். உள்ளூர்க்காரர்கள் அதோடு பேசுவதில்லை. வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்.

ஏரிக்கரைக்கே திரும்புகிறேன். திணை திருத்தப்பட்ட அதே காலை, ஒரு சுற்று முடித்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணும் வந்தார். டீக்கடை அக்கா நாயைப் பார்த்து, “வாடா இங்க” என்றதற்கு, “அவனுக்குத் தமிழ் புரியாதுக்கா, இங்கிலீஷ்தான்” என்று பதில் வந்தது. நான் டம்ளருக்குள் சிரித்தேன். ஆனால் அதையும் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. மெக்சிகோவிலிருந்து தன் நாய் குன்-குன்னோடு புடாபெஸ்டுக்குக் குடிபோன லாரா குவாயா என்ற ஆய்வாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது. சுற்றிலும் பேச்சு மாறிவிட்டது நாய்க்குத் தெரிந்திருக்குமா? 18 நாய்களுக்குக் ‘குட்டி இளவரசன்’ கதையை ஸ்பானிய மொழியிலும் ஹங்கேரிய மொழியிலும் வாசித்துக்காட்டி, மூளையைப் படம் பிடித்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. கேட்டுப் பழகிய மொழியையும் பழகாத மொழியையும் நாய் மூளை வேறு வேறாகவே வாங்கியது. வயதான நாய்களிடம் அந்த வேறுபாடு இன்னும் துலக்கம். ஒரு சொல்கூட அர்த்தமாகாமலே, இது நம் வீட்டுப் பேச்சு, இது இல்லை என்று அதற்குத் தெரிகிறது.

அந்த நேரம் பார்த்துச் சவாரிக் குதிரை ஒன்று கனைத்தது. சிம்பா ஒரே துள்ளல். வார் கைநழுவியது. ஸ்வெட்டரோடு சாலையில் இறங்கி, குதிரைகள் நின்ற பக்கமாக ஓட்டம். “சிம்பாஆஆ… பேபீஈஈ… கம் டு மம்மீஈஈ…” என்று நீள நீளமாகக் கூப்பிட்டுக்கொண்டு அந்தப் பெண் பின்னால் ஓடினார். எதிரே ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. டீக்கடை அக்கா பால் கரண்டியைக் கீழே வைக்காமலே, இடது கையால் ஒரு பன்னைப் பிய்த்து நீட்டினார்.

“தோ தோ தோ தோ!”

சிம்பா திரும்பியது. காது நிமிர்ந்தது. வந்த வேகத்தில் பெஞ்ச் ஆடி, என் டீ பாதி கொட்டியது. அக்கா வாரின்மேல் காலை வைத்து அமுக்கிக்கொண்டு, “இந்தாடி தங்கம்” என்று அடுத்த துண்டையும் ஊட்டப் போனார்.

மூச்சிரைக்க ஓடிவந்த பெண் கத்தினார்: “ஐயோ அக்கா, பன்னெல்லாம் குடுக்காதீங்க, நாய்க்கு ஆகாது!”